எட்டாததை அளப்பது

வலது கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடியுங்கள். தெருக்கோடியில் நிற்கும் மின்கம்பமோ கோயில் கோபுரமோ விரலுக்குப் பின்னால் தெரியட்டும். முதலில் இடக்கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், பிறகு வலக்கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். விரல் அசையவே இல்லை. ஆனாலும் கம்பத்துக்கு இந்தப் பக்கம் இருந்த விரல் அந்தப் பக்கம் தாவிவிடுகிறது. விரலை முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும். தள்ளிக்கொண்டு போனால் சிறிதாகும்.

இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். பள்ளி ஆய்வகத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்து அளவெடுத்தால் ஆசிரியர் திருத்துவார். அங்கே இது தவிர்க்க வேண்டிய பிழை. வானியலிலோ இதுதான் முதல் அளவுகோல். நிலவு எவ்வளவு தூரம், சூரியன் எவ்வளவு தூரம், விண்மீன் எவ்வளவு தூரம் என்ற மூன்று கேள்விகளுக்கும் முதன்முதலில் நம்பத்தக்க விடை கிடைத்தது இந்தத் தாவலை அளந்துதான்.

தாவலில் கணக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நம் இரண்டு கண்மணிகளுக்கும் இடையே ஏறக்குறைய 6.5 செ.மீ. இருக்கும். நீட்டிய கையின் கட்டைவிரல் கண்ணிலிருந்து ஏறக்குறைய 65 செ.மீ. தள்ளி இருக்கும். அதாவது பத்து மடங்கு. ஆகவே தூரத்துச் சாலையில் நிற்கும் ஒரு பேருந்தின் பின்முனையிலிருந்து முன்முனைக்கு விரல் தாவினால், பேருந்தின் நீளத்தைப் பத்தால் பெருக்குங்கள். பேருந்து 11 மீட்டர் நீளம் என்றால் அது நிற்பது ஏறக்குறைய 110 மீட்டர் தூரத்தில். ஓர் அடி எடுத்து வைக்காமல் தூரம் தெரிந்துவிட்டது. செய்து பாருங்கள், பிறகு நடந்து சரிபாருங்கள். இந்த அத்தியாயத்தில் வரும் மற்ற எல்லாம் இதன் விரிவுதான்.

கண்ணுக்குக் கண் உள்ள இடைவெளி நமக்குத் தெரியும் என்பதால்தான் இது சாத்தியமாயிற்று. அந்த இடைவெளியை அடிக்கோடு என்போம். அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் ஒரே பொருளைப் பார்த்தால் முக்கோணம் ஒன்று உருவாகிறது. ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் தாமாகவே வந்துவிடும். எட்டாம் வகுப்பில் கவராயமும் பாகைமானியும் வைத்து நோட்டில் வரைந்த அதே முக்கோணம்தான். நோட்டுக்குப் பதில் நாட்டின் மீதே அதை வரைந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னைக்காரர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள்.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகிலிருந்து தெற்கு நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏறக்குறைய 12 கி.மீ. அவர் கையில் இருந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதை மரத்தொட்டிகளில் கிடத்தி, தொட்டிகளை மட்டம் பார்த்து, வெயில் படாமல் நிழலில் வைத்து அளந்தார்கள். அளந்த இடத்திலிருந்து எடுத்து அடுத்த 100 அடிக்கு வைத்தார்கள். இப்படி ஏறக்குறைய 400 முறை. நிழல் எதற்கு? எஃகு வெப்பத்தில் நீளும். வெப்பநிலை ஒரு செல்சியஸ் பாகை ஏறினால் அந்தச் சங்கிலி 0.35 மி.மீ. நீண்டுவிடும். ஒரு முறைக்கு அது ஒன்றுமில்லை. 400 முறைக்கு 14 செ.மீ. சித்திரை வெயிலில் காலைக்கும் நண்பகலுக்கும் எத்தனை பாகை வேறுபாடு என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லாம்டன் ஒவ்வொரு முறையும் வெப்பமானியைப் பார்த்துத் திருத்தம் போட்டார்.

அடிக்கோடு கிடைத்த பிறகு சங்கிலிக்கு வேலை இல்லை. இரு முனைகளிலும் கோணமானியை நிறுத்தித் தூரத்துக் குன்றையோ கோபுரத்தையோ பார்த்துக் கோணம் எடுத்தால் போதும். கணக்கில் வந்த புதிய பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. பெங்களூரு வரை முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே போன பிறகு, கணக்கு சொன்ன நீளம் சரிதானா என்று அங்கே இன்னொரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார்கள். வேறுபாடு சில அங்குலம்தான். லாம்டன் 1823-இல் இறந்தார். அவர் தொடங்கிய முக்கோணத் தொடர் அவருக்குப் பின் இமயமலை அடிவாரம் வரை போயிற்று. யாரும் ஏறியிராத எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைத் தரையில் நின்றபடியே 1856-இல் அறிவிக்க முடிந்தது இந்த முறையால்தான்.

வானத்துக்கும் இதே முக்கோணம் போதும். சிக்கல் ஒன்றே ஒன்று: முக்கோணம் மிக மிக ஒடுங்கியதாக இருக்கும். பக்கங்கள் நீண்டுகொண்டே போக, உச்சிக்கோணம் சுருங்கிக்கொண்டே போகும். அந்தச் சுருக்கத்தை உணராமல் இந்த வரலாற்றின் அருமை புரியாது. வட்டத்தை 360 பாகையாகப் பிரிக்கிறோம். பாகையில் அறுபதில் ஒன்று கலை. கலையில் அறுபதில் ஒன்று விகலை. பஞ்சாங்கக்காரர்கள் இன்றும் புழங்கும் அளவுகள் இவை. முழுநிலவின் அகலம் ஏறக்குறைய அரைப் பாகை, அதாவது 30 கலை. கூர்மையான வெறுங்கண்ணால் பிரித்தறிய முடிவது ஏறக்குறைய ஒரு கலை. ஒரு விகலை எவ்வளவு சிறியது? ஒரு செ.மீ. அகலமுள்ள புளியங்கொட்டையை இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பாருங்கள். அது நம் கண்ணில் பிடிக்கும் இடம் ஒரு விகலை. இந்தப் புளியங்கொட்டையை நினைவில் வைத்திருங்கள், இனி வரும் எல்லாக் கோணங்களையும் இதைக் கொண்டே எடைபோடலாம்.

நிலவு நமக்கு அருகில் இருப்பதால் அதை அளப்பது எளிது. 1751-52 ஆண்டுகளில் ஃபிரெஞ்சு வானியலாளர் லகாய் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நன்னம்பிக்கை முனையிலும், இளைஞரான லலாந்த் பெர்லினிலும் இருந்து நிலவைப் பார்த்தார்கள். இரண்டு ஊர்களுக்கும் பூமிக்குள்ளே நேர்கோடு போட்டால் 8,700 கி.மீ. வரும். அந்த அடிக்கோட்டுக்கு நிலவு ஒரு பாகைக்கும் மேலே தாவுகிறது, தன் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாக. கணக்குப் போட்டால் தூரம் ஏறக்குறைய 3,84,000 கி.மீ. 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பானுக்கு இன்றும் லேசர் ஒளியை அனுப்பித் திரும்பப் பெறுகிறார்கள். போய்வர இரண்டரை நொடி ஆகிறது. நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. வீதம் நம்மை விட்டு விலகிப்போகிறது என்பதுகூட அதில் தெரிகிறது.

சூரியன் இப்படி மசியவில்லை. அது நிலவைப்போல் ஏறக்குறைய 400 மடங்கு தூரத்தில் இருக்கிறது. பூமியின் ஆரம் முழுவதையும் அடிக்கோடாக எடுத்தாலும் தாவல் ஒன்பது விகலைக்குள்தான். கண்ணைக் கூசச் செய்யும் அந்த வட்டின் விளிம்பு காற்றில் அலைபாய்ந்துகொண்டே இருக்கும். பின்னணியில் ஒப்பிட்டுப் பார்க்கப் பகலில் விண்மீனும் இல்லை. ஒன்பது புளியங்கொட்டையை வரிசையாக வைத்தால் வரும் அகலத்தை, கொதிக்கும் விளிம்பை வைத்துக்கொண்டு அளக்க முடியாது.

இங்கே கைகொடுத்தது கெப்ளர் 1619-இல் வெளியிட்ட ஒரு விதி. ஒரு கோள் சூரியனைச் சுற்ற எடுக்கும் ஆண்டுகளை இருமடிக்கு உயர்த்துங்கள். சூரியனிலிருந்து அதன் சராசரித் தூரத்தை மும்மடிக்கு உயர்த்துங்கள். இரண்டும் சமமாக இருக்கும். பூமியின் தூரத்தை ஒன்று என்று வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வியாழன் ஒருமுறை சுற்ற 11.86 ஆண்டு. அதன் இருமடி ஏறக்குறைய 140.6. எந்த எண்ணின் மும்மடி 140.6? 5.2. ஆக, வியாழன் நம்மைப்போல் 5.2 மடங்கு தூரத்தில் இருக்கிறது. இதே வழியில் வெள்ளிக்கு 0.72, செவ்வாய்க்கு 1.52. கெப்ளர் காலத்திலேயே சூரியக் குடும்பத்தின் வரைபடம் துல்லியமாகத் தயார். ஆனால் வரைபடத்தின் மூலையில் ‘ஒரு செ.மீ.க்கு இத்தனை கி.மீ.’ என்று எழுதும் இடம் காலியாக இருந்தது. ஏதாவது ஒரு தூரத்தை, ஒன்றே ஒன்றைக் கிலோமீட்டரில் கண்டுபிடித்தால் எல்லாத் தூரமும் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

முதலில் செவ்வாயை முயன்றார்கள். 1672-இல் செவ்வாய் பூமிக்கு நெருங்கி வந்தபோது காசினி பாரிஸில் இருந்து பார்த்தார். ஜான் ரிஷே தென் அமெரிக்காவின் கேயென் நகருக்குப் போய்ப் பார்த்தார். சூரியன் 14 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது என்று விடை வந்தது. உண்மையில் அது 15 கோடிக்குச் சற்றே குறைவு. அந்தக் காலக் கருவிகளுக்கு இது பெரிய வெற்றி. ரிஷே தற்செயலாக இன்னொன்றையும் கவனித்தார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் கேயெனில் நாளுக்கு இரண்டரை நிமிடம் தாமதமாக ஓடியது. நிலநடுக்கோட்டுக்கு அருகே புவியீர்ப்பு சற்றுக் குறைவு, அதனால் ஊசல் மெதுவாக ஆடியது. பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்று வாதிட நியூட்டனுக்கு இந்தக் கடிகாரம் சான்றாயிற்று. வானத்தை அளக்கப் போனவர் பூமியின் வடிவத்தோடு திரும்பினார்.

செவ்வாயைவிட நமக்கு நெருங்கி வருவது வெள்ளி. ஆனால் அப்படி நெருங்கும்போது அது சூரியன் இருக்கும் திசையில், ஒளி படாத முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கவே முடியாது, சூரிய வட்டின் குறுக்கே கரும்புள்ளியாகக் கடந்து போகும் அரிய நாட்களைத் தவிர. எட்டாண்டு இடைவெளியில் இரண்டு கடப்புகள் வரும், பிறகு நூறாண்டுக்கு மேல் எதுவும் வராது. 1716-இல் எட்மண்ட் ஹாலி ஒரு வழி சொன்னார். வடக்கே நின்று பார்ப்பவருக்கும் தெற்கே நின்று பார்ப்பவருக்கும் வெள்ளி சூரிய வட்டில் வெவ்வேறு தடங்களில் போவதாகத் தெரியும். ஒரு தடம் வட்டின் நடுவுக்கு நெருக்கமாகவும் இன்னொன்று சற்று ஒதுங்கியும் இருக்கும். ஒதுங்கிய தடம் குட்டையானது. ஆகவே கடக்கும் நேரம் சில நிமிடம் குறையும். விகலையை அளக்க வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்தால் போதும். கோணத்தை நேரமாக மாற்றிய இந்த யோசனை இயற்பியலின் அழகான யோசனைகளில் ஒன்று என்பேன். நேரிடையாக அளக்க முடியாததை, நன்றாக அளக்கத் தெரிந்த வேறொன்றாக மாற்றிக்கொள்வது இன்றுவரை இயற்பியலார் கையாளும் வழி. ஹாலிக்கு அப்போது அறுபது வயது. அடுத்த கடப்பு 1761-இல். தான் இருக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். இளையவர்களை வேண்டிக் கேட்டுக்கொண்டு எழுதிவிட்டுப் போனார்.

அந்த வேண்டுகோளை ஏற்றவர்களில் ஒருவர் கியோம் லெ ஜாந்தி. 1760-இல் ஃபிரான்ஸிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். ஃபிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. மலபார்க் கரை வரை வந்துவிட்ட கப்பலுக்கு மே மாதம்தான் செய்தி எட்டியது. கப்பல் மொரிஷியஸ் நோக்கித் திரும்பியது. ஜூன் 6 அன்று லெ ஜாந்தி நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவு, வெள்ளி கடந்ததைப் பார்த்தார். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரமும் நிலையாக ஓடாது, தொலைநோக்கியும் நிலையாக நிற்காது. தான் நிற்கும் இடம் எது என்பதையே சரியாகச் சொல்ல முடியாது. அடிக்கோட்டின் முனை எங்கே என்று தெரியாத அளவீட்டால் என்ன பயன்?

அடுத்த கடப்பு 1769-இல். திரும்பிப் போகாமல் எட்டாண்டு இந்தப் பக்கமே தங்கிவிட முடிவு செய்தார். மடகாஸ்கரை ஆராய்ந்தார், மணிலா போனார், அங்கிருந்தே பார்க்கலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால் புதுச்சேரி மீண்டும் ஃபிரெஞ்சுக்காரர்களிடம் வந்திருந்தது. அங்கே போகுமாறு பாரிஸிலிருந்து சொன்னார்கள். 1768-இல் வந்து சேர்ந்தார். ஆங்கிலேயர் இடித்துப்போட்ட கோட்டையின் இடிபாடுகள் மீது அவருக்கு ஒரு வானாய்வகம் எழுந்தது. சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் நல்ல தொலைநோக்கி ஒன்றை அவருக்குக் கொடுத்து உதவினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அதே ஊரை முற்றுகையிட்டவர்கள் அவர்கள். இந்த உதவியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

காத்திருந்த மாதங்களில் லெ ஜாந்தி சும்மா இருக்கவில்லை. இங்குள்ள தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். தாளும் எழுதுகோலும் இல்லாமல், மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிக்கொண்டே தரையில் சோழிகளை நகர்த்தி அவர்கள் கிரகண நேரத்தைச் சொன்ன வேகம் அவரை வியக்க வைத்தது. ஊருக்குத் திரும்பி எழுதிய பயண நூலில் அதை விரிவாகப் பதிவு செய்தார். ஐரோப்பியர்கள் தமிழர் கணிதமுறையைப் பற்றி அறிந்துகொண்ட முக்கியமான தொடக்கங்களில் அந்த நூலும் ஒன்று.

1769 மே மாதம் முழுக்கப் புதுச்சேரியில் காலைவானம் தெளிவாகவே இருந்தது. ஜூன் 4 விடியற்காலையில் சூரியன் எழும்போதே வெள்ளி வட்டுக்குள் இருக்க வேண்டும், ஏழு மணிவாக்கில் வெளியேற வேண்டும். முந்தைய இரவு வானம் நன்றாக இருந்தது. பின்னிரவில் காற்று மாறி மேகம் கவிந்தது. ஏழு மணி தாண்டும்வரை சூரியன் கண்ணில் படவில்லை. கடப்பு முடிந்த பிறகு மேகம் விலகி அன்று முழுக்க வெயில் அடித்தது. மணிலாவில் அன்று வானம் தெளிவாகவே இருந்தது. 1771-இல் லெ ஜாந்தி ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக எண்ணி உறவினர்கள் சொத்தைப் பங்கிடத் தொடங்கியிருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவருடைய இடம் வேறொருவருக்குப் போயிருந்தது.

அவருக்கு வாய்க்காதது மற்றவர்களுக்கு வாய்த்தது. தாஹிதித் தீவில் கேப்டன் குக் குழுவினரும், கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் வில்லியம் வேல்ஸும், நார்வேயின் வடகோடியில் மாக்ஸிமிலியன் ஹெல்லும் கடப்பைப் பார்த்தார்கள். வெள்ளி சூரிய விளிம்பைத் தொடும் கணத்தில் இரண்டுக்கும் நடுவே கருப்பாக ஒரு துளி நீண்டு ஒட்டிக்கொண்டது. எந்த நொடியில் தொட்டது என்று அருகருகே நின்றவர்களே வேறுவேறாகக் குறித்தார்கள். அப்படியும் 1771-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தாமஸ் ஹார்ன்ஸ்பி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வந்த விடை 15 கோடி கி.மீ.க்குச் சற்று மேல். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிழை.

அடுத்த இணைக் கடப்பு 1874 டிசம்பர் 9 அன்று இந்தியாவில் நன்றாகத் தெரிந்தது. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நம் மக்களுக்கு இதை விளக்க இந்திய மொழிகள் பலவற்றில் சிறுநூல் வெளியாகும்படி செய்தார். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர். பொதுமக்களுக்கு அறிவியல் எழுதும் வேலையில் எங்களுக்கெல்லாம் முன்னோடி. அவர் பெயர் பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். 1961-இல் ரேடார் அலையை வெள்ளிக்கு அனுப்பி எதிரொலியைப் பிடித்த பிறகு கடப்புக்குக் காத்திருக்கும் தேவை தீர்ந்தது. இன்று பூமி-சூரியத் தூரத்துக்கு 14,95,97,870.7 கி.மீ. என்று 2012-இல் நிலையான மதிப்பே வகுத்துவிட்டார்கள். அதுதான் வானியல் அலகு.

சூரியத் தூரம் தெரிந்ததும் நமக்குப் பிரம்மாண்டமான அடிக்கோடு ஒன்று கிடைத்துவிடுகிறது. ஜனவரியில் பூமி இருக்கும் இடத்துக்கும் ஜூலையில் இருக்கும் இடத்துக்கும் இடையே 30 கோடி கி.மீ. அரையாண்டு பொறுத்தால் பூமியே நம்மை அடுத்த முனைக்குக் கொண்டுசேர்த்துவிடும். அப்படியானால் அருகில் உள்ள விண்மீன், தொலைவில் உள்ளவற்றின் பின்னணியில் தாவ வேண்டும்.

தாவவில்லை. இரண்டாயிரம் ஆண்டாக வானியலாரைக் குழப்பியது இதுதான். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே அரிஸ்டார்க்கஸ் சொன்னார். சுற்றினால் விண்மீன்கள் ஏன் இடம் மாறவில்லை என்ற கேள்விக்கு அன்று பதில் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் டைகோ பிராகே, தொலைநோக்கி இல்லாத காலத்தின் மிகச் சிறந்த கருவிகளோடு தேடினார். இடமாறு தோற்றத்தை நன்கு அறிந்தவர் அவர். 1577-இல் வந்த வால்மீனைத் தான் வாழ்ந்த தீவிலிருந்தும் பிராக் நகரிலிருந்தும் பார்த்த குறிப்புகளை ஒப்பிட்டு, அது நிலவுக்கும் அப்பால் இருக்கிறது என்று நிறுவியவர். விண்மீன்களில் ஒரு கலை அளவுகூட அசைவு இல்லை. அப்படியென்றால் அவை சனிக்கோளைப்போல் 700 மடங்குக்கும் மேலான தூரத்தில் இருக்க வேண்டும். வெறுங்கண்ணுக்கு அவை சிறு வட்டுகளாகத் தெரிகின்றன, அவ்வளவு தூரத்தில் அந்த அகலம் தெரிய வேண்டுமானால் ஒவ்வொன்றும் நம்ப முடியாத பேருருவாக இருந்தாக வேண்டும். ஆகவே பூமி நகரவில்லை என்று முடிவு செய்தார். டைகோவை அறிவியலுக்கு எதிரி என்று எழுதுபவர்களை நான் ஏற்பதில்லை. தன் கையில் இருந்த சான்றுக்கு அவர் நேர்மையாக நடந்துகொண்டார். விண்மீனின் வட்டு என்பது கண்ணும் காற்றும் செய்யும் மயக்கம் என்று அன்று யாருக்கும் தெரியாது.

தொலைநோக்கி வந்த பிறகும் இருநூறாண்டு ஏமாற்றம்தான். ஆனால் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. 1725-இல் ஜேம்ஸ் பிராட்லி தலைக்கு நேர் மேலே வரும் ஒரு விண்மீனைப் பார்க்கத் தொடங்கினார். அது ஆண்டு முழுக்க 20 விகலை அளவு இடம் மாறியது, ஆனால் எதிர்பார்த்த மாதங்களில் மாறவில்லை, மூன்று மாதம் தள்ளி மாறியது. பூமி நொடிக்கு 30 கி.மீ. ஓடுகிறது, ஒளி நொடிக்கு மூன்று லட்சம் கி.மீ. ஓடுகிறது. ஓடிக்கொண்டே பார்ப்பவருக்கு ஒளி வரும் திசை பத்தாயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்து தெரியும். அந்தச் சாய்வுதான் 20 விகலை. தூரம் கிடைக்கவில்லை. ஆனால் பூமி ஓடுகிறது என்பதற்கு முதல் நேரடிச் சான்று கிடைத்துவிட்டது. வில்லியம் ஹெர்ஷல் அருகருகே தெரியும் இரட்டை விண்மீன்களைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று அருகிலும் மற்றது வெகுதொலைவிலும் இருக்கும், ஒப்பிட வசதி என்று நினைத்தார். பல இணைகள் உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றுவதைக் கண்டார். நியூட்டனின் ஈர்ப்பு சூரியக் குடும்பத்துக்கு வெளியேயும் ஆள்கிறது என்பது அதில் தெரிந்தது.

கடைசியில் அளந்தவர் ஃப்ரீட்ரிஷ் பெஸ்ஸல். ப்ரெமன் நகரில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதப் பயிற்சிக்குச் சேர்ந்து, கப்பல் வழிகளைப் புரிந்துகொள்ள வானியல் படித்தவர். பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். அவர் தேர்ந்தெடுத்த விண்மீன் அன்னம் தொகுதியில் இருக்கும் 61 சிக்னி. கண்ணுக்கு மிக மங்கல். அருகில் இருப்பது பளிச்சென்று இருக்கும் என்றுதான் மற்றவர்கள் எண்ணியிருந்தார்கள். பெஸ்ஸல் வேறு மாதிரி யோசித்தார். இந்த விண்மீன் ஆண்டுக்கு ஐந்து விகலை வீதம் வானில் நகர்ந்துகொண்டே போகிறது. ரயிலில் போகும்போது விரைந்து பின்னோடுவது அருகிலிருக்கும் மரம்தானே.

ஃப்ரவுன்ஹோஃபர் பட்டறையில் செய்த அவருடைய தொலைநோக்கியின் முன்வில்லை நட்டநடுவே இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. இரு பாதிகளும் தனித்தனியே ஒரு பிம்பம் தரும். திருகைச் சுழற்றினால் ஒரு பாதி மற்றதன் மீது வழுக்கி நகரும், பிம்பமும் நகரும். ஒரு பாதியில் தெரியும் 61 சிக்னியை, மறுபாதியில் தெரியும் பக்கத்து விண்மீனோடு பொருத்தும்வரை திருக வேண்டும். எத்தனை சுற்று திருகினோம் என்பதே கோணம். ஓராண்டுக்கும் மேலாக இரவிரவாகத் திருகி எண்ணினார். 1838-இல் விடையை வெளியிட்டார்: 0.314 விகலை. புளியங்கொட்டையில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால்.

வழக்கப்படி மொத்தத் தாவலில் பாதியைத்தான் இப்படிக் குறிப்பிடுவார்கள். அதனால் கணக்கு எளிதாகிறது. 3.26-ஐ இந்த விகலையால் வகுத்தால் தூரம் ஒளியாண்டில் கிடைக்கும். பெஸ்ஸலின் அளவுக்கு 10.4 ஒளியாண்டு. இன்றைய அளவு 0.286, தூரம் 11.4. டைகோ அசைவு தேடியது கலைக் கணக்கில். இருந்ததோ அதில் நூறில் ஒரு பங்கு.

தென்வானின் ஆல்ஃபா சென்டாரியை பெஸ்ஸலுக்கு முன்பே அளந்து முடித்திருந்தவர் தாமஸ் ஹெண்டர்சன். நன்னம்பிக்கை முனையில் 1832-33-இல் குறிப்பெடுத்தவர், கணக்கில் ஐயம் தீராமல் 1839-இல்தான் வெளியிட்டார். முதல் என்ற பெருமை கைநழுவிப் போயிற்று. அந்த விண்மீனுக்கு இன்று தெரிந்த அளவு 0.75 விகலை. தூரத்தை நீங்களே வகுத்துப் பாருங்கள். மே இறுதியிலும் ஜூனிலும் இரவு பத்து மணிவாக்கில் தமிழ்நாட்டிலிருந்து தென்திசையில் தாழ்வாக அதைக் காணலாம். அதன் வலப்பக்கம் இன்னொரு பிரகாசமான விண்மீன் இருக்கும், அதற்கும் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்த சிலுவை இருக்கும். அடையாளம் இதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போதும் தூரம் நம்பகமாகத் தெரிந்த விண்மீன்கள் நூறுக்குள்தான். நம் காற்று மண்டலம் பிம்பத்தை நடுங்க வைத்துக்கொண்டே இருந்தது. காற்றுக்கு வெளியே போனதும் நிலைமை தலைகீழானது. 1989-இல் போன ஹிப்பார்க்கஸ் விண்கலம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்தது. 2013 டிசம்பரில் கிளம்பி 2025 ஜனவரி வரை பார்த்துக்கொண்டிருந்த கயா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்டவற்றை அளந்தது. பிரகாசமானவற்றில் அதன் துல்லியம் ஏறக்குறைய ஒரு விகலையின் பத்து லட்சத்தில் 20 பங்கு. அதே புளியங்கொட்டையை ஒரு லட்சம் கி.மீ.க்கு அப்பால், நிலவுக்குப் போகும் வழியில் கால்வாசி தூரத்தில் வைத்துப் பார்ப்பதற்குச் சமம்.

இதற்கும் அப்பால் உள்ள விண்மீன் மண்டலங்களுக்கு இந்த முக்கோணம் எட்டாது. அங்கே வேறு வழிகள் உண்டு. ஹென்ரியெட்டா லெவிட் 1912-இல் வெளியிட்ட விதி அவற்றில் முதன்மையானது: சில விண்மீன்கள் ஒளி கூடிக் குறைய எடுக்கும் நாட்களிலிருந்தே அவற்றின் உண்மையான பிரகாசத்தை அறியலாம். ஆனால் அந்த விதியை அளவிட, அதே வகை விண்மீன் சிலவற்றின் தூரம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தைத் தருவது விண்மீனின் தாவல். தாவலுக்கு அடிக்கோடு பூமி-சூரியத் தூரம். அந்தத் தூரத்தை முதலில் தந்தவை பூமியின் மீது அளந்த கோடுகள். கீழே ஒரு முனையில் பிழை விழுந்தால் மேலே உள்ள அத்தனை தூரமும் அதே விகிதத்தில் பிழையாகும். சங்கிலியை நிழலில் வைத்த அந்தக் கவனம் ஏன் முக்கியம் என்று இப்போது புரியும்.

2020 ஏப்ரலில் இந்தச் சோதனையை மனிதர்கள் இதுவரை இல்லாத பெரிய அடிக்கோட்டில் செய்து பார்த்தார்கள். புளூட்டோவைக் கடந்து போய்க்கொண்டிருந்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அப்போது ஏறக்குறைய 700 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது. அது ப்ராக்ஸிமா சென்டாரி, வுல்ஃப் 359 என்ற இரண்டு அண்டை விண்மீன்களைப் படம் எடுத்து அனுப்பியது. அதே நாட்களில் பூமியிலிருந்தும் அவற்றைப் படம் எடுத்தார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கருவியும் வேண்டாம். விண்மீன் இடம் மாறியிருப்பது பார்த்தவுடன் கண்ணுக்கே தெரிகிறது.